தோக்கற டீமுக்கு அப்பாரு சொல்ற பத்தியம்

ஏங்கண்ணு, போனை எடுத்த ஒடனே "அப்பாரு, இன்னைக்கும் தோத்துட்டோம்"ங்கறயே, அந்தக் கூட்டத்துல நீ எப்பச் சேந்தே? பந்தை வீசுனவன் நீயா? மட்டையைச் சொழட்டிக் காத்தை அடிச்சவன் நீயா? நீ பாட்டுக்கு நேப்பர்வில்லுல சோபாவுல உக்காந்து சிப்ஸ் தின்னுட்டு இருந்தே. தோக்கறவனுக்குச் சம்பளம் தவறாம வந்துருது. சந்தா கட்டறவன்தான் அழுவறான். இது எந்த ஊரு நாயம்?

நீ அழுவறதுல எனக்கும் சோலி கெட்டுப்போகுது. உங்கூர்ல பொழுதோட 6.40-க்கு ஆட்டம்னா இங்கே வெடியால 5.10. பாலைக் கறந்து சொசைட்டியில ஊத்திப்போட்டு வந்து, உன்ற அப்பத்தா நீட்டற காப்பியை வாயில வெக்கறதுக்குள்ளே உன்ற சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் டீமோட கதை முடிஞ்சிருது. அப்பப்ப அவிய ஜெயிச்சும் தொலைக்கறாங்களாமா. அன்னைக்கெல்லாம் உனக்கு அப்பாரு நெனப்பு வர்றதில்ல.

2025-ஆம் வருசம் மார்ச் 27-ஆம் தேதி மட்டும் ஒரு தரம் கூப்பிட்டே. மொத ஆட்டத்துலயே ஏஞ்சல்ஸ் டீமை 8-1-னு அடிச்சாச்சு, இனி எங்களைப் புடிக்க ஆளில்லைன்னு குதிச்சே. நானும், "அப்படியா சாமி, நெம்ப சந்தோசம், மீதி 161 இருக்குதே, அதையும் பாத்துக்கலாம்"னேன். ஏப்ரல் முடியறதுக்குள்ளே அவிய பிரிவுல அஞ்சு டீம்ல அஞ்சாவது எடம். அப்பக் கேட்டா, "இன்னும் நாள் கெடக்குது அப்பாரு, இது சீசனோட ஆரம்பந்தானே"ன்னே.

அந்தப் பழமையை உனக்குச் சொல்லிக்குடுத்தது யாரு கண்ணு? மேனேஜர் சொல்றாரு, டி.வி.யில பேசறவரு சொல்றாரு, டிக்கெட் விக்கற எடத்துல சொல்றாங்க. உன்ற காசு யாரு கையில இருக்குதோ அவிய அத்தனை பேரும் நாள் கெடக்குதுன்னுதான் சொல்லுவாங்க. காசு குடுத்தவன் எதுக்கு அதைத் திருப்பிச் சொல்லோணும்?

2024-ல நானே பக்கத்துல உக்காந்து பாத்தவன். உன்ற அப்பன் விசா வாங்கிக் கூட்டியாந்து, குளுருக்குக் கம்பளிக் குல்லாயும் மாட்டி வெச்சுட்டான். மார்ச் 28, டெட்ராய்ட் டைகர்ஸ்கூட மொத ஆட்டம். கேரட் க்ரோஷேன்னு ஒரு நெட்டைப் பையன் எடது கையில பந்தைப் போட்டான் பாரு, கண்ணுக்கு அம்புட்டு அழகு. ஆறு இன்னிங்ஸ்ல எட்டுப் பேரை மட்டையோட திருப்பி அனுப்பிச்சான். அவன் விட்டது ஒரே ஒரு ரன். நம்மாளுக அடிச்சது முட்டை. 1-0-ல போச்சு. அடுத்தது 7-6, அதுக்கடுத்தது 3-2. மூணும் ஒரே ரன்னுல போச்சு. "பாத்தீங்களா அப்பாரு, கொஞ்சத்துல தப்பிருச்சு, நாங்க மோசமில்லை"ன்னே. அப்புறம் 25 ஆட்டம் முடிஞ்சப்ப மூணே மூணு ஜெயம், 22 தோல்வி. அப்பவும் நாள் கெடந்துச்சு.

அதுக்கு மேலே டாம்பா பே ரேஸ் டீமை உங்கூருக்கு வரவழைச்சு மூணு நாளும் வரிசையா அடிச்சாங்க. நடு ஆட்டத்துல நம்மாளு பெனின்டெண்டி பத்தாவது இன்னிங்ஸ்ல ஒரு ஹோம் ரன் அடிச்சு முடிச்சு வெச்சதும் நீ சோபா மேலே ஏறி ஆடுனே. உன்ற அம்மா வந்து வெய்யற வரைக்கும் எறங்கல. நல்லா ஆடு, நான் வேண்டாங்கல. ஆனா ஆடி முடிச்சு எறங்குனதும், "இனிமே இப்படியேதான்"னு சொன்னே பாரு, அங்கேதான் உனக்குப் பத்தியம் முறிஞ்சுது.

மே 23-ஆம் தேதி ராத்திரியை மறந்துட்டயா? நான் மறக்க மாட்டேன். பால்டிமோர் ஓரியோல்ஸ் 8, நம்ம டீம் 6. ஒம்பதாவது இன்னிங்ஸ், ஒரு அவுட், மொத பேஸ்லயும் ரெண்டாவது பேஸ்லயும் ஆளு. பெனின்டெண்டி அடிச்ச பந்து நேரா வானத்தைப் பாத்துப் போச்சு. இப்படிக் கைக்குள்ளே விழற லேசான பந்துன்னா, புடிச்சாலும் புடிக்காட்டியும் அடிச்சவன் அவுட்டுனு ஒரு சட்டம். சரி, ரெண்டு அவுட், இன்னும் ஒண்ணு பாக்கின்னு நீ கையைப் பெசைஞ்சுட்டு இருந்தே. பாத்தா ஆட்டமே முடிஞ்சு போச்சுன்னு அல்லாரும் கெளம்பறாங்க. ரெண்டாவது பேஸ்ல நின்ன ஆண்ட்ரூ வான், பந்தைப் புடிக்க வந்த ஹெண்டர்சனுக்குக் குறுக்கே வந்துட்டாருன்னு அவரும் அவுட்டாமா. ஹெண்டர்சன் பந்தைப் புடிச்சுப்போட்டாரு, ஒரு சேதாரமும் இல்ல. ஆனாலும் அவுட். நின்னதுக்கு ஒரு அவுட்டு! எழுபத்தஞ்சு வருசத்துக்கு மேலே எத்தனையோ பஞ்சாயத்துப் பாத்திருக்கறேன் கண்ணு, சும்மா நின்னவனுக்குத் தண்டம் போட்டதை அன்னைக்குத்தான் பாத்தேன். நீ அம்பயரை ஏசுனே. நான் மனசுக்குள்ளே சிரிச்சுட்டேன். ஜெயிக்கற டீமுக்கு இந்த மாதிரி நடந்தா சண்டை போடலாம். 121 தோக்கப் போற டீமுக்கு நடந்தா, அது பேரன் பேத்திக்குச் சொல்றதுக்கு ஒரு கதை.

அந்த பால்டிமோர்க்காரங்களை நீ ஏசறதுக்கு முன்னாடி அவிய பட்ட பாட்டைத் தெரிஞ்சுக்கோணும். 1988. அப்ப உன்ற அப்பன் டவுசர் போட்டுட்டு எலந்தைப் பழம் பொறுக்கிட்டு இருந்தான். ஓரியோல்ஸ் டீமுக்கு மேனேஜர் கால் ரிப்கென். அவரு மகன்க ரெண்டு பேரும் அதே டீம்ல, ஒருத்தன் ஷார்ட்ஸ்டாப், ஒருத்தன் செகண்ட் பேஸ். மொத ஆறு ஆட்டமும் தோத்துச்சு. ஏழாவது ஆட்டத்துக்கு அப்பனை வெளியே அனுப்பிச்சுப்போட்டாங்க. மகன்க ரெண்டும் உள்ளே ஆடோணும். ஆறே ஆறு ஆட்டம்! அப்ப "நாள் கெடக்குது"ங்கற பழமை எங்கே போச்சு? மேனேஜர் கழுத்துக்கு மட்டும் நாள் கெடக்காதாட்டம் இருக்குது.

ஃப்ராங்க் ராபின்சன்னு பெரிய ஆட்டக்காரரு, அவரைக் கொண்டாந்து உக்கார வெச்சாங்க. அவரும் தோத்தாரு. ஏழு, பத்து, பதினஞ்சுன்னு போய் 21 ஆட்டம் ஒண்ணு மிச்சமில்லாம தோத்துச்சு. ஊருக்குள்ளே ரேடியோவுல பாட்டுப் போடற ஒருத்தரு, டீம் ஜெயிக்கற வரைக்கும் மைக்கை விட்டு எந்திரிக்க மாட்டேன்னு சபதம் போட்டுட்டாரு. பாவம், ஒரு ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்னு நெனச்சிருப்பாரு. பத்து நாளுக்கு மேலே உக்காந்திருந்தாரு. கடைசியா ஏப்ரல் 29-ஆம் தேதி ஜெயிச்சாங்க. 9-0. எங்கே தெரியுமா? சிகாகோ காமிஸ்கி பார்க்குல. யாரை? இதே உன்ற ஒயிட் சாக்ஸைத்தான். ஊரே அடிச்ச டீமுக்கு மொத ஜெயத்தைத் தானம் பண்ணுன புண்ணியவானுக நம்மாளுக. 21 ஆட்டம் வரிசையாத் தோத்ததை அமெரிக்கன் லீக்ல அப்புறம் 36 வருசம் ஒருத்தரும் தொடல. 2024 ஆகஸ்ட்ல தொட்டது யாரு? கடனை வட்டியோட திருப்பி வாங்கிட்டு வந்துட்டாங்க.

அந்த ஓரியோல்ஸ் 1 ஜெயம் 23 தோல்வியோட மே 2-ஆம் தேதி ஊட்டுக்குத் திரும்பி வந்தப்ப, அம்பதாயிரம் பேருக்கு மேலே மைதானத்துல வந்து நின்னாங்க கண்ணு. இதைக் கேட்டா உனக்கு நெஞ்சு அடைக்கும், எனக்குத் தெரியும். ரசிகன்னா இப்படி இருக்கோணும்னு சொல்லுவே. அதே ராத்திரிதான் ஓனர் மைதானத்துல வெச்சு, டவுனுக்குள்ளே புது ஸ்டேடியத்துக்குக் குத்தகை ஒப்பந்தம் ஆயிருச்சுன்னு அறிவிச்சாரு. அம்பதாயிரம் பேரும் கைதட்டுனாங்க. டீம் அந்த வருசம் 107 தோத்துச்சு, ஸ்டேடியம் 1992-ல சோக்கா எந்திரிச்சு நின்னுச்சு. நான் குத்தம் சொல்லல. அந்த கேம்டன் யார்ட்ஸ் அழகான மைதானம்னுதான் அல்லாரும் சொல்றாங்க. யாரு அழுவறாங்க, யாரு கையெழுத்துப் போடறாங்கன்னு மட்டும் பாத்துக்கோ.

இப்ப உன்ற ஊருக்கு வா. ஆட்டக்காரனைத் திட்டறயே, அவன் என்ன பண்ணுவான்? டிலன் சீஸ்னு ஒரு பிட்ச்சர் இருந்தாரு. 2024 சீசன் ஆரம்பிக்க ரெண்டு வாரம் இருக்கறப்ப அவரை சான் டியாகோவுக்குத் தாட்டி விட்டாங்க. ஜூலை 25-ஆம் தேதி அவரு அங்கே போய், எதிராளி ஒருத்தனுக்குக்கூட ஒரு ஹிட் குடுக்காம முழு ஆட்டத்தையும் முடிச்சாரு. அன்னைக்கு நம்மாளுக அந்த 21 தோல்விக்கு நடுவுல நீச்சல் அடிச்சுட்டு இருந்தாங்க. இருந்ததுல உருப்படி அந்த நெட்டைப் பையன் க்ரோஷே. டிசம்பர்ல அவனையும் பாஸ்டனுக்கு வித்துப்போட்டாங்க. மொத மழைக்கு முன்னாடி சோடி காங்கேயத்தையும் சந்தையில வித்துப்போட்டு, ஏன்டா இன்னும் உழுகலன்னு ஆளுக்காரனை வெய்யறவனை நம்ம பக்கம் என்னன்னு சொல்லுவோம்? அமெரிக்காவுல அதுக்கு 'ரீபில்டு'ன்னு பேரு. வித்ததுக்குப் பதிலாக் கன்னுக்குட்டிக வந்திருக்குதாமா. வளரட்டும், வேண்டாங்கல.

இது புது வித்தையும் இல்ல. 1899-ல கிளீவ்லாண்ட் ஸ்பைடர்ஸ்னு ஒரு டீம் இருந்துச்சு. அதும் ஓனருக செயின்ட் லூயிஸ் டீமையும் வாங்கிப்போட்டு, சை யங் மொதக்கொண்டு நல்ல ஆட்டக்காரங்களையெல்லாம் அக்கட்டால மாத்திப்போட்டாங்க. கிளீவ்லாண்டு 20 ஜெயிச்சுது, 134 தோத்துச்சு. பாக்க ஆள் வராம, கடைசியில பெரும்பாலான ஆட்டத்தை வெளியூர்லயே போய் ஆட வேண்டியதாப் போச்சு. அந்தூர்க்காரன் ஒருத்தனும் ஏப்ரல்ல நாள் கெடக்குதுன்னு சொல்லித்தான் இருப்பான்.

மோசமாத் தோத்தா அடுத்த வருசம் நல்ல புதுப் பையனை மொதல்ல எடுக்கலாம்னு ஒரு ஆறுதல் வெச்சிருந்தயே, அதும் போச்சு. பெரிய ஊரு டீம் ரெண்டு வருசம் தொடர்ந்து அந்தக் குலுக்கல்ல நிக்கப்படாதுன்னு ஒரு விதி. 121 ஆட்டம் தோத்து, 1900-க்குப் பொறவு எவனும் தோக்காத தோல்வி தோத்தும், 2025-ல கெடைச்சது பத்தாவது எடம். தோக்கறதுன்னு முடிவு பண்ணுனா விதியையாச்சும் படிச்சுட்டுத் தோக்கோணும் சாமி. அந்த மைதானத்துக்குக் கடன் குடுக்கற கம்பெனி பேருல 'கேரண்டீட் ரேட் ஃபீல்டு'ன்னு போர்டு தொங்குச்சா, டிசம்பர்ல கேரண்டியை மட்டும் கழட்டிப்போட்டாங்க. அதுல மட்டும் நாணயமா நடந்துக்கிட்டாங்கன்னு சொல்லோணும்.

மேனேஜர் பெட்ரோ க்ரிஃபோலை நெனச்சாத்தான் எனக்கு வெசனம். 21 தோக்கற வரைக்கும் உக்கார வெச்சிருந்தாங்க. ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஓக்லாண்டுல ஒருவழியா ஜெயிச்சாரு. எட்டாந் தேதி சீட்டைக் கிழிச்சுட்டாங்க.

அப்புறம் செப்டம்பர். அதுதான் எனக்குப் புடிச்ச கட்டம். 120 தோல்வி ஆயிருச்சு, இன்னும் ஒண்ணு தோத்தா 1962-ல நியூயார்க் மெட்ஸ் வெச்ச கணக்கைத் தாண்டியாச்சு. சரித்திரத்தைப் பாக்கலாம்னு சனம் டிக்கெட் வாங்கி வந்து உக்காருது. உன்ற டீம் என்ன பண்ணுச்சு? ஏஞ்சல்ஸை மூணு நாளும் வரிசையா ஜெயிச்சுப்போட்டுது! வருசம் பூரா ஜெயிக்கச் சொன்னப்ப தோத்தான், தோக்கறதைப் பாக்க வந்தப்ப ஜெயிக்கறான். மேலே இருந்து "டீமை வித்துரு"ன்னு ஓனரைப் பாத்துக் கூச்சல். அப்புறம் டெட்ராய்ட்டுக்குப் போயி 27-ஆம் தேதி அந்த 121-வது தோல்வி. அதே ராத்திரி அதே ஆட்டத்துல டைகர்ஸ் பிளே-ஆஃபுக்குத் தகுதியாயி, அவிய ஊரே கொண்டாடுச்சு. கடைசி ரெண்டு ஆட்டமும் நம்மாளுக ஜெயம். கணக்குப் போட்டுப் பாரு, கடைசி ஆறுல அஞ்சு. நாள் இன்னும் கெடந்திருந்தா உலகக் கோப்பையே வந்திருக்கும்.

உன்ற சினேகிதனுக சொல்றதும் எனக்குத் தெரியும். 2019-ல வாஷிங்டன் நேஷனல்ஸ் 19 ஜெயம் 31 தோல்வின்னு கெடந்து வேர்ல்ட் சீரீஸே ஜெயிச்சாங்க. 1914-ல பாஸ்டன் பிரேவ்ஸ் ஜூலையில கடைசியில கெடந்து ஜெயிச்சாங்க. நெசந்தான். ஆனா அந்த வாஷிங்டன் டீம்ல ஷெர்ஸர், ஸ்ட்ராஸ்பர்க், சோட்டோ, ரென்டோன்னு அல்லாரும் கட்டுத்தரையிலதான் இருந்தாங்க. ஒருத்தனையும் அந்த வருசம் சந்தைக்கு ஓட்டல. அந்தக் கதையைச் சொல்லிக்க அவிய பாத்தியப்பட்டவங்க. நீ எதை வெச்சுச் சொல்லுவே?

அதுக்காக ஆட்டம் பாக்காதேன்னு நான் சொல்லல. உனக்கு நான் சொல்ற பத்தியம் ஒண்ணுதான். பட்டியல் பாக்கறதை விட்ரு. எத்தனாவது எடம், எத்தனை பின்னாடி, எவன் எப்பத் தாண்டுவான்னு வெடியால எந்திரிச்சுக் கணக்குப் போடாதே. இன்னைக்கு ஆட்டத்தை இன்னைக்கு மட்டும் பாரு. எல்லாத்தையும் அடிச்சு நொறுக்குன 2001 சியாட்டில் மரினர்ஸ்கூட 116 ஜெயிச்சு 46 தோத்துச்சு, கடைசிக் கட்டத்துக்கே போகல. அந்தூர்ப் பையனுக எம்புட்டு அழுதிருப்பானுக! உனக்கு அந்தத் தொல்லை ஒருநாளும் வராது. மூணாவது இன்னிங்ஸ்ல எவனாச்சும் மண்ணுல உருண்டு ஒரு பந்தைப் புடிப்பான். அதைப் பாரு, கைதட்டு, போய்ப் படு. அதைவிட்டுப்போட்டு மைதானத்துக்குப் போனா, அந்த மார்ஷ்மெல்லோ போட்ட கேம்ப்ஃபயர் மில்க்ஷேக்கைக் குடி. 2024-ல அந்த மைதானத்துல எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வந்தது அது ஒண்ணுதான்.

போப்பாண்டவர் கதைக்கு வர்றேன். 2025 மே 8-ஆம் தேதி ராத்திரி போன் போட்டு, "அப்பாரு, புதுப் போப்பு சிகாகோக்காரரு, அதும் நம்ம டீமு"ன்னு கத்துனே. மொதல்ல அவரைக் கப்ஸ் ரசிகர்னு சொல்லிப்போட்டாங்க, கூடப் பொறந்தவரு வந்து இல்லவே இல்ல, ஒயிட் சாக்ஸ்தான்னு திருத்துனாரு. 2005 வேர்ல்ட் சீரீஸ் மொத ஆட்டத்துல அவரு கூட்டத்துல உக்காந்திருந்தது டி.வி.யிலயே வந்திருக்குதாமா. பெரிய மனுசன், நெம்ப மரியாதைப்பட்டவரு, ஒண்ணும் சொல்லப்படாது. பொறுமை, அடுத்தவன் குத்தத்தை மன்னிக்கறது, கண்ணுல படாததை நம்பறது, இதெல்லாம் அவருக்கு எந்தப் பள்ளிக்கூடத்துல வந்துச்சுன்னு ரோமாபுரியில ஆராய்ச்சி பண்ணுவாங்க. எனக்குத் தெரியும், 35-ஆம் தெரு ரயில் ஸ்டேசன்ல எறங்கி நடந்தா வர்ற எடந்தான் அது. ஆனா கண்ணு, அவரு ஆசீர்வாதம் வந்து ஒரு வாரம் கழிச்சும் பட்டியல்ல நம்ம எடம் நவுந்துச்சா? சாமிகூட ஓனரைத் தாண்டி ஒண்ணும் பண்ண முடியாதாட்டம் இருக்குது.

ஓனர் பேரு ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப். 1981-ல டீமை வாங்குனவரு. 2005-ல கோப்பையும் வாங்கிக் குடுத்தாரு, அதையும் சொல்லோணும், 88 வருசம் கழிச்சு வந்த கோப்பை. 2025-ல வயசு 89. அப்பப் புது ஸ்டேடியம் வேணும், அரசாங்கமும் பணம் போடோணும்னு கேட்டுட்டு இருந்தாரு. அவருக்கு ஒரு கடுதாசி எழுதலாம்னு நீ சொன்னயே, நல்ல ரோசனை. அப்பாரே, உங்களுக்கு வயசு மூத்து மருவாதியா இருக்குது, வித்த காளைகளுக்குப் பதிலா நாலு நல்ல காளை வாங்குங்க, முடியலீன்னா சாவியை அடுத்தவன்கிட்டக் குடுத்துப்போட்டுத் திண்ணையில உக்காருங்கன்னு எழுது. வயசுல கிட்டத்துல இருக்கறவன் நான், நானே எழுதுனா எடுபடும்னுதான் பாத்தேன். ஆனா நெல்லு மூட்டைக் கணக்குல இருந்து பெட்டிச் சாவி வரைக்கும் இன்னும் என்ற இடுப்புலதான் தொங்குது. அதனால கடுதாசியை நீயே எழுதிப்போடு. கீழே என்ற பேரைப் போட்றாதே. உன்ற அப்பன் கண்ணுல பட்டா, சாவிப் பழமை இங்கேயும் கெளம்பிரும்.